என்னைக் கேட்காமல் வாங்கிய லேப்டாப்

மகனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த ஒரு முறை கேட்கப்போவதில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பாய். இல்லாவிட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ பார்ப்பாய். உன் "சரிம்மா"வுக்கு என்ன மதிப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் எழுதுகிறேன். கடைசிவரை படி. நடுவில் எரிச்சல் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து படி. எழுதுகிற எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை.

என் அறுபதாவது பிறந்தநாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்று காலை நான் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தேன். கூட்டம். திரும்பி வஞ்சியூருக்கு வரும்போது மணி பத்தரை. வாசலில் உன் கார் நின்றது. சந்தோஷமாகத்தான் படியேறினேன். முன்னறையில் என் மேசையைப் பார்த்ததும் யாரோ வீட்டில் புகுந்து திருடிவிட்டார்கள் என்றே நினைத்தேன். என் டெஸ்க்டாப் இல்லை. மானிட்டர் இல்லை, கீழே இருந்த சிபியு இல்லை, கீபோர்டு இல்லை. சுவரில் மானிட்டர் மறைத்திருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. மேசை நடுவில் ஒரு தட்டு அளவில், தோசைக்கல் கனத்தில் பாதிகூட இல்லாமல், வெள்ளி நிறத்தில் ஒரு லேப்டாப். அதன்மேல் சிவப்பு ரிப்பன். நீயும் உன் பெண்டாட்டியும் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள்.

"எங்கலே என் கம்ப்யூட்டர்?" என்று கேட்டேன்.

"அதை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துட்டுப் போயாச்சும்மா. கடைக்காரன் வண்டி இப்பம்தான் போச்சு. அந்தப் பழைய தகரப் பாட்டைய இனி என்னத்துக்கு? ஃபைல் எல்லாம் நான் இதுல காப்பி பண்ணிட்டேன், கேட்டியா. ஒண்ணும் டென்ஷன் வேண்டா" என்றாய்.

பாயசம் வைத்தேன், சாப்பிட்டீர்கள், போட்டோ எடுத்தீர்கள், போனீர்கள். அன்று வாயைத் திறக்காமல் இருந்தது என் தப்பு. மருமகள் முன்னால் உன்னைச் சின்னவனாக்கக் கூடாது என்று பார்த்தேன். அந்த மரியாதைக்கு நீ கொஞ்சமும் தகுதியானவனாக அன்று நடந்துகொள்ளவில்லை.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை மறந்துவிட்டாய். உன் அம்மா பொழுதுபோக்குக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவள் இல்லை. கோர்ட்டுக்குப் பின்னால் இந்த வாடகை வீட்டின் முன்னறையில் பதினான்கு வருடமாக வக்கீல்களுக்கும் பத்திரம் எழுதுகிறவர்களுக்கும் டைப் அடித்துக் கொடுக்கிறவள். மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும். நாகர்கோவிலிலிருந்து பத்தாம் வகுப்போடு இந்த மலையாள ஊருக்கு வாழ வந்து, உன் அப்பா தம்பானூரில் ஓட்டல் அடுப்படியில் நின்ற காலத்தில், மலையாள எழுத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்துப் படித்தவள். அந்த டெஸ்க்டாப்பின் பின்பக்கம் நகத்தளவில் ஒரு சின்னக் கறுப்புத் துண்டு செருகியிருந்தது. டாங்கிள். அது செருகியிருந்தால்தான் என் மலையாள சாஃப்ட்வேர் திறக்கும். சாவி மாதிரி. நீ இன்ஜினியர். பழைய மவுஸின் துண்டு என்று நினைத்துவிட்டாயாம். அது லாரியில் ஏறிப் போய்விட்டது. நீ காப்பி செய்து வைத்த ஃபைல்களை மறுநாள் திறந்தால் ஒவ்வொன்றிலும் கொக்கியும் புள்ளியும் கேள்விக்குறியும்தான் இருந்தன. பதினான்கு வருடத்து வேலை அத்தனையும் அந்தக் கொக்கியாகவே கிடக்கிறது. நான் கடைக்குப் போய்க் கேட்டேன். பழைய சாமான் எல்லாம் அன்று சாயங்காலமே மொத்தமாக ஆலுவா பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அந்த சாஃப்ட்வேரை விட்டு எப்போதோ மாறியிருக்க வேண்டும் என்று நீ முன்பு இரண்டு மூன்று தடவை சொன்னாய். சரிதான். இப்போது எல்லாரும் யூனிகோட் என்கிறார்கள், கோர்ட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள். விரல் பழகிவிட்டது, புதிதாகப் படிக்கச் சோம்பல். அந்தத் தப்பை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்தேன் என்று நீ சொல்லிக்கொள்ளாதே.

இனி அந்த லேப்டாப்பைப் பற்றி. மூன்று வாரம் அதில் உட்கார்ந்து பார்த்தேன், சும்மா குற்றம் சொல்லவில்லை. கடையில் உனக்கு எதைச் சொல்லி விற்றார்களோ அதெல்லாம் உண்மைதான். கனம் இல்லை. சத்தம் இல்லை. சார்ஜ் நாள் முழுக்க நிற்கிறது. துலாமாசத்து இடி இங்கே எப்படி இடிக்கும் என்று உனக்குத் தெரியும். முன்பெல்லாம் வானம் இருண்டாலே ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். இதில் பிடுங்கினாலும் வேலை ஓடுகிறது. அந்த ஒரு விஷயத்தில் அது நல்ல பொருள். மற்றபடி அது என் பொருள் இல்லை. திரை தாழ்ந்து இருக்கிறது, குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொள்கிறது. நம் முன்னறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பளபளப்புத் திரையில் எழுத்தைவிட என் முகம்தான் நன்றாகத் தெரிகிறது. கீ அழுந்துகிறதா இல்லையா என்று விரலுக்கே தெரியவில்லை. உள்ளங்கை கீழே பட்டால் கர்சர் வேறு பத்திக்கு ஓடிவிடுகிறது. பிரிண்டர் வயரைச் செருக ஓட்டை இல்லை, அதற்குத் தனியாக ஒரு வால் வாங்க வேண்டும். வலதுபக்கம் எண்களுக்கென்று தனிக் கட்டம் இல்லை. உனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பத்திரம் அடிக்கிறவளுக்கு சர்வே நம்பர், சென்ட், அளவு, தேதி எல்லாம் எண்தான்.

மூன்றாவது வாரம் நடந்ததைக் கேள். வக்கீல் குமஸ்தா சுகுமாரன் சார் ஒரு இங்கிலீஷ் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உன்னைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தெரிந்தவர், உனக்குத் தெரியும். அடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலை தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"நாலு சென்ட் எங்ஙனே நாற்பத்திநாலாயி சேச்சி?" என்று கேட்டார்.

கீ ஒரு தடவைக்கு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. நானும் சரிபார்க்கவில்லை, கண் கூசிக்கொண்டிருந்தது. பதிவுக்குப் போகும் முன் கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால் தப்பித்தேன். அந்த மனுஷன் பதினான்கு வருடத்தில் என் தாளைச் சரிபார்த்து வாங்கியதே இல்லை. அப்படியே வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு போவார். அன்றிலிருந்து வாசலில் நின்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துவிட்டுத்தான் போகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்மேல்தான்.

இப்போது நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தேன். உன்னைத் திட்டுவதற்குமுன் இதைச் சொல்லாவிட்டால் எனக்கே சரியாக இருக்காது.

நீ இன்ஜினியரிங் சேர்ந்தபோது லேப்டாப் கேட்டாய். உன் வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறது என்றாய். நான் ஷாஜியின் கடையில் டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணச் சொன்னேன். அதே விலைக்கு டெஸ்க்டாப்பில் வேகம் கூட, இடம் கூட, திரை பெரிது, ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம், லேப்டாப் கீழே விழுந்தால் எல்லாம் போச்சு என்று உனக்கு ஒரு மணிநேரம் பாடம் எடுத்தேன். சொன்னதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் அதெல்லாம் காரணம் இல்லை. அப்போது நான் ஜங்ஷனில் இன்னொருவர் டைப்பிங் சென்டரில் கூலிக்கு அடித்துக்கொண்டிருந்தேன். நீ காலேஜுக்குப் போன பிறகு பகல் முழுக்க வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் சும்மா இருக்கும், நான் சொந்தமாக வேலை பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். உன் அப்பா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. லேப்டாப் வாங்கினால் நீ தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவாய், எனக்கு ஒன்றும் மிஞ்சாது. உன் பெயரைச் சொல்லி எனக்கு வாங்கிக்கொண்டேன். இதுதான் உண்மை.

அதன் பலனை நீ அனுபவித்தாய். மூன்றாம் வருடம் உங்கள் குழு செய்த புராஜெக்ட் உன் கம்ப்யூட்டரில்தான் ஓடும் என்று, அந்தச் சிபியுவை என் பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் காலேஜுக்குப் போனாய். மழை. கண்டக்டர் "இதெந்தாடா, டிவியா?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். குலுங்கிய குலுங்கலில் உள்ளே எதுவோ கழன்று, அங்கே போய் அது ஓடவே இல்லை. அத்தனை பேர் முன்னால் அதை மறுபடி சேலையில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாய். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "கல்யாணப் பொண்ணு மாதிரி சேலை உடுத்தி கூட்டிட்டுப் போயிருக்கியேலே" என்றேன். நீ அன்று சாப்பிடவில்லை. நான் உன் முகத்தைப் பார்ப்பதற்குமுன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், மறுநாள் காலை ஒரு வக்கீலுக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. ஷாஜியை வரவழைத்து ஒரு வயரை அழுத்தி மாட்டியதும் ஓடிவிட்டது. எனக்கு நிம்மதி. உனக்கு எப்படி இருந்தது என்று நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அதனால் அந்தப் பெட்டியை லாரியில் ஏற்றியபோது உனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். இருந்திருந்தால் தப்பில்லை. அதற்காக நான் உன்னைக் கோபிக்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்டுக்கொள். உனக்கு அப்போது பதினெட்டு வயது, அம்மா எதை வாங்கித் தருகிறாளோ அதைத்தவிர வேறு வழி இல்லை. நான் சம்பாதிக்கிற மனுஷி. எனக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்கு வழி இருந்தது. நான் செய்த அதே அநியாயத்தை, என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு, என்னைவிட வசதியாக இருந்துகொண்டு நீ செய்திருக்கிறாய்.

நாற்பத்திநாலு சென்ட் நடந்த அன்று சாயங்காலம் நான் புளிமூடு பக்கம் இறங்கினேன். ஐந்து கடை ஏறினேன். கடைக்காரர்களைப் பற்றி எனக்கு இப்போது நல்ல அபிப்பிராயம் எதுவும் இல்லை. அறுபது வயதுப் பெண்பிள்ளை தனியாக உள்ளே வந்தால் ஒரே பதில்தான், டேப்லெட். "அம்மைக்கு சீரியல் காணாம், வீடியோ கால் செய்யாம், இது மதி" என்று, சீரியல் பார்க்க எனக்கு அது போதும் என்கிற மாதிரி, ஒரு பெண் தொடுதிரையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நான் அதில் மலையாளத்தில் கோர்ட்டுக்கான ஒரு பிரமாணப் பத்திரத்தின் முதல் பத்தியை அடித்துக் காட்டச் சொன்னேன். அவள் மேனேஜரைக் கூப்பிட்டாள். அடுத்த கடையில் ஆல் இன் ஒன். பார்க்க அழகு, திரைக்குள்ளேயே எல்லாம் அடக்கம், கீழே வயர் கூட்டம் இல்லை. திரை போனால் என்ன செய்வது என்று கேட்டேன். கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். பதினைந்து நாள் என் வாடிக்கைக்காரர்கள் காத்திருப்பார்களா? சோற்றுப் பாத்திரம் அளவில் சின்னப் பெட்டி ஒன்றும் காட்டினார்கள். அது மோசமில்லை, இடமும் பிடிக்காது. ஆனால் பிற்பாடு உள்ளே எதையும் கூட்டிச் சேர்க்க இடமில்லை. கம்பெனிகள் கழித்துப்போட்ட டெஸ்க்டாப்பைத் துடைத்து விற்கிற கடையும் இருக்கிறது. விலை பாதிக்கும் குறைவு, திடமாகவும் இருக்கிறது. யாருடைய கையிலிருந்து வந்தது, இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் ஒவ்வொரு கடையிலும் கீபோர்டைக் கேட்டு வாங்கி, நின்றுகொண்டே அடித்துப் பார்த்தேன். நீ வாங்கிய கடையில் லேப்டாப்பின் கீயை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்திருப்பாய்.

கடைசியில் ஷாஜியிடமே போனேன். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. நான் உன்னைத் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சேச்சி, லேப்டாப் நல்லதாணு. அதினெ குற்றம் பறயண்டா. ஒரு மானிட்டரும் நல்ல கீபோர்டும் வாங்கி அதில் குத்தியால் மதி. குறஞ்ஞ காசு" என்றான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஏனென்றால் அவன் சொன்னது சரி. லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் பெரிய திரையும் பழையபடி கீபோர்டும் வைத்துக்கொண்டால் எனக்குக் கழுத்தும் பிழைக்கும், மழைக்கும் பயமில்லை. வீண் ரோஷம் வேண்டாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சரி, மறுநாள் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் வரும் வழியில் கொஞ்சம் வருத்தப்படக்கூடச் செய்தேன். அந்த வருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் யூனிகோடில் மலையாளம் அடிக்கிற சாஃப்ட்வேரைச் சேர்க்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தால், அது உன் அனுமதி கேட்டது. கணக்கு உன் பெயரில், பாஸ்வேர்டு உன் கையில். உனக்கு போன் பண்ணினேன். "ரெண்டு நிமிஷம்மா, இங்க இருந்தே அப்ரூவ் பண்ணிருகேன்" என்றாய். அதோடு, "லேப்டாப் வீட்லதானே இருக்கு, எனக்கு மேப்ல காட்டுதுல்லா" என்று பெருமையாகச் சொன்னாய். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. என் மேசைமேல் இருக்கிற பொருள் கழக்கூட்டத்தில் இருக்கிற உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறது. போனை வைத்துவிட்டு எழுந்தேன், வாசலில் மணி அடித்தது.

வீட்டுச் சொந்தக்காரர் நின்றார். அவருடன் ஒரு இளம் தம்பதி, அந்தப் பெண்ணின் கையில் குழந்தை. வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார்களாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் என் முகத்தைப் பார்த்துச் சங்கடமாகிவிட்டது.

"மாசக் கடசி சேச்சி ஒழியுவாணென்னு மோன் விளிச்சு பறஞ்ஞல்லோ" என்றார்.

மாதக் கடைசியில் நான் வீட்டைக் காலி செய்கிறேன் என்று நீ அவரிடம் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் அதற்குள் என் அடுக்களையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மேசை இருக்கும் மூலையைக் காட்டி, இங்கே தொட்டில் போடலாம் என்று புருஷனிடம் சொன்னாள். அவளை என்ன சொல்ல? நல்ல பெண்தான். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு உனக்கு மறுபடி போன் பண்ணினேன்.

"அம்மா, நானே ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லணும்ன்னு இருந்தேன். எங்க ரெண்டு பேருக்கும் ஜெர்மனி உறுதியாயிட்டு, ரெண்டு வருஷம். ஃப்ளாட்டைப் பூட்டிப் போட்டா பூஞ்சை பிடிக்கும்லா. நீ அங்க வந்து இரு. இந்த வாடகையும் மிச்சம். அதுக்குத்தானே லேப்டாப் வாங்கித் தந்தேன், எங்க இருந்தாலும் டைப் பண்ணலாம்லா?"

"அதுக்குத்தானே." இந்த ஒரு சொல்லை நீ எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய் என்று உனக்கே தெரியாது. நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ ஏழு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. இந்தக் கடிதம்தான் பதில்.

பிறந்தநாள் பரிசு என்று நீ கொண்டுவந்தது எனக்கு வாங்கிய கம்ப்யூட்டர் இல்லை. உன் ஃப்ளாட்டுக்கு ஆள் வைப்பதற்காக வாங்கியது. மேசையில் நிற்கிற பொருளைத் தூக்கிவிட்டு மடக்கி எடுத்துப் போகிற பொருளை வைத்தால், அதைப் பயன்படுத்துகிறவளையும் மடக்கி எடுத்துப் போய்விடலாம் என்று நினைத்தாய். பதினான்காவது மாடியில் உட்கார்ந்துகொண்டு நான் யாருக்கு டைப் அடிப்பேன்? சுகுமாரன் சார் பஸ் பிடித்துக் கழக்கூட்டம் வருவாரா? முத்திரைத்தாளை லிஃப்டில் அனுப்புவார்களா? என் வேலை கீபோர்டில் மட்டும் இல்லை. கோர்ட் வாசலில் இறங்கி மூன்று நிமிடத்தில் என் படி ஏறலாம் என்பதுதான் என் வேலை. இரண்டு வருடம் கழித்து நீ திரும்பி வரும்போது வீட்டில் பூஞ்சை இருக்காது. எனக்கு ஒரு வாடிக்கைக்காரர்கூட இருக்க மாட்டார். அதற்குப் பிறகு உன் வீட்டு ஓர அறையில் உன் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு வாழ வேண்டும். நீ கெட்டவன் என்று சொல்லவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம், கதவைச் சாத்தியிருப்பேன். நீ நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் செய்தாய், அதனால் உனக்கு எழுத்தில் விளக்க வேண்டியிருக்கிறது.

நீ பெரிய ஊருக்குப் போகிறாய். அங்கே யாருக்காவது, உன் பெண்டாட்டிக்கோ நாளைக்கு உன் பிள்ளைக்கோ, ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டி வரும். அப்போது அவர்கள் எங்கே உட்காருவார்கள், எதை அடிப்பார்கள், யாருக்கு அடிப்பார்கள் என்று கேள். கேட்டுவிட்டு அவர்களையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. நீ வெளியே நின்று காப்பி குடி. வாங்கியதும் கணக்கை அவர்கள் பெயரில் திற. உன் அம்மா உனக்கு இதில் எதையும் செய்யவில்லை, தெரியும். செய்யாதவள் சொல்வதால் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடாது.

நான் என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். மறுநாளே ஷாஜியிடம் போய், மானிட்டர் மட்டும் வேண்டாம், முழு டெஸ்க்டாப் வேண்டும் என்றேன். காரணம் கேட்டான், சொன்னேன். அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். கூசாத திரை, அழுந்தினால் சத்தம் கேட்கிற கீபோர்டு, வலதுபக்கம் எண்கள், மின்சாரம் போனால் வேலையைச் சேமித்து மூடுகிற அளவுக்கு ஒரு யுபிஎஸ். கணக்கு என் பெயரில். பாஸ்வேர்டு உனக்குத் தெரியாது, ஊகிக்கவும் முடியாது, உன் பிறந்தநாள் இல்லை. யூனிகோடில் மலையாளம் அடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பாதி வேகம்தான் வருகிறது. பழைய வேகம் வரக் கொஞ்ச மாதம் ஆகும், வரும். உன் லேப்டாப்பைத் துடைத்து, ரிப்பனோடு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஜெர்மனிக்கு எடுத்துக்கொண்டு போ, அது உன்னை மாதிரி ஆளுக்கு நல்ல பொருள்.

வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டேன். நான் காலி செய்யவில்லை. பழைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்றதால் அடுத்த பதினோரு மாதத்துக்குப் புது வாடகை ஒப்பந்தம் போடச் சம்மதித்தார். புதுக் கம்ப்யூட்டரில் நான் அடித்த முதல் வேலை அதுதான். ஒரு தப்பு இல்லை, நாலு தடவை சரிபார்த்தேன். முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுத்தாயிற்று. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், நானும் போட்டுவிட்டேன். சாட்சி இரண்டு பேர் வேண்டும். முதல் சாட்சி ஷாஜி, போட்டுவிட்டான். இரண்டாவது சாட்சிக்குக் கீழே பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் நானே அடித்துவிட்டேன். உன் பெயர், உன் அப்பா பெயர், பதினான்காவது மாடி, கழக்கூட்டம். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, வாசலில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, அதன்மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறு.

அம்மா